ஆலைக்கு ஆள் சேர்ந்த கதை – 9: பாலாற்றின் இரு கரை

சென்ற அத்தியாயத்தில் பெரம்பூர் ஆலைகளின் வாசலில் நிறுத்திய கதையை இம்முறை மேற்கே ஒரு மலைப்புறத்துக்குக் கொண்டு செல்கிறோம். ஆலையே இல்லாத ஓர் ஊரிலிருந்து ஆலைத் தொழிலாளரின் வரலாற்றைச் சொல்லப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இயந்திரம் நிற்கும் ஊர் ஒன்று, அதன் முன் நிற்கும் ஆள் பிறந்த ஊர் வேறொன்று என்பது நம் தேசத்துக் கைத்தொழில் வரலாற்றின் முதல் விதியாகவே இருந்து வந்திருப்பதனால், முன்னதை மட்டும் ஆராய்கிறவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கொள்ளேகாலிலிருந்து ஹனூரைக் கடந்து மாதேசுவர மலைத் திசையாகச் செல்லும் பிரயாணிக்கு, கன்னட நாட்டின் நடுவே திடீரென்று தமிழ் கேட்கத் தொடங்கும் ஊர்களில் மார்டள்ளி முக்கியமானது. மானாவாரியாக ராகி விளையும் பூமி, சுற்றிலும் காடு, குடிகளில் பெரும்பாலோர் தமிழ் பேசும் கத்தோலிக்கர், அவர்களுடைய கோயில் மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. காட்டுக்கு அப்பால் ஓடும் பாலாறு - வேலூர்ப் பாலாறு அன்று, காவிரியில் வந்து சேரும் சிற்றாறு ஒன்றுக்கும் அதே பெயர் - கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக இருக்கிறது. அதைத் தாண்டினால் கொளத்தூர், அதன்பின் மேட்டூர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கும்பினியார் வசமான கொள்ளேகால் தாலுகா, சென்னை ராஜதானியில் கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு, 1956 நவம்பர் 1 வரையில் அப்படியே இருந்தது. அன்றைக்கு அது மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. 1997 ஆகஸ்டு 15-இல் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது சாம்ராஜநகருக்குச் சேர்ந்தது. குடிகள் ஓரடியும் நகராமலே இரண்டு அரசாங்கங்களின் தொழிற்சட்டங்களுக்குப் பிரஜைகளான விசேஷம் இவ்வூருக்கு உண்டு. ஆலைக்குள் யார் நிற்கலாம், எந்த வயதில் நிற்கலாம், இரவில் நிற்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆற்றின் இக்கரையில் ஒரு பதிலும் அக்கரையில் வேறொரு பதிலும் வழங்கிய காலங்களை நோக்குவதற்கு இதைக் காட்டிலும் வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது.

முதலில் வயதைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் பிறந்தபோது, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் ஏழு வயது நிரம்பாத குழந்தையைச் சேர்க்கலாகாது என்றும், ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தையை நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது. ஒன்பது மணி நேரம் என்பது ஜீவகாருண்யமாகக் கருதப்பட்ட காலம் அது. 1891-இல் அந்த வயது ஒன்பதாகவும், வேலை நேரம் ஏழு மணியாகவும் திருத்தப்பட்டது. பெண்களுக்குப் பதினொரு மணி என்ற வரம்பும் அப்போதுதான் வந்தது. பிறப்புப் பதிவு என்பதே அபூர்வமாயிருந்த தேசத்தில் குழந்தையின் வயதை எப்படித் தீர்மானிப்பது? ஆலைக்கு வரும் சர்க்கார் டாக்டர், வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணுவார், உயரத்தையும் மார்பையும் பார்ப்பார், சீட்டுக் கொடுப்பார். ஒரே பிள்ளை இரண்டு பெயரில் இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு, காலையில் ஓர் ஆலையிலும் மாலையில் மற்றோர் ஆலையிலும் அரைநேரப் பிள்ளையாக உழைத்ததும் உண்டு. பல்லை எண்ணிய டாக்டருக்கு முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் கடமை விதிக்கப்படவில்லை.

இத்தகைய முறைகேடுகளை விசாரிப்பதற்காக 1907-இல் நியமிக்கப்பட்ட தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷனில் சென்னையின் டாக்டர் டி. எம். நாயர் அங்கம் வகித்தார். பின்னாளில் 1916-இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக மட்டும் அவரை நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் 1908-இல் அவர் தனியாக எழுதி வைத்த மாறுபட்ட குறிப்பு அவருடைய அரசியலைப் போலவே நினைக்கத்தக்கது. வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தை நேராகச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாகாது, இளைஞர்களின் நேரத்தைக் குறைத்தால் மற்றவர் நேரமும் தானே குறையும் என்று மற்ற அங்கத்தினர் சுற்றுவழி சொன்னபோது, சுற்றுவழி வேண்டாம், சட்டமே சொல்லட்டும் என்று எழுதியவர் அவர். 1911-ஆம் வருஷத்துச் சட்டம் நெசவாலை ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி என்று வரம்பு கட்டியது.

ஆனால் இந்தச் சட்டங்களெல்லாம் இயந்திரச் சக்தி ஓடும் இடங்களுக்கே உரியவை. கொள்ளேகால் தாலுகாவில் அக்காலத்தில் மிகுந்த கைகளுக்கு வேலை கொடுத்த தொழில் பட்டு. பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டைச் செடி சென்னை ராஜதானியில் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு தாலுகாவில்தான் பயிராயிற்று. பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் சர்க்காவுக்கு நீராவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆகையால் சட்டமும் வேண்டாமற் போயிற்று.

அந்தச் சர்க்காவைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். மண் அடுப்பின்மேல் கொதிநீர்ப் பாத்திரம். அதில் இளம்பச்சை நிறமுடைய மைசூர் இனக் கூடுகள் மிதக்கும். அடுப்பருகே குந்தியிருப்பவர் கூடுகளைக் கிளறிவிட்டு, கரைந்து நெகிழும் பசையினூடே இழையின் நுனியை விரலால் தேடிப் பிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்றாக்கி ஒரே நூலாக மேலே செலுத்துவார். எதிரே நிற்கும் மற்றொருவர் மரச்சக்கரத்தை இடைவிடாமல் சுற்றுவார். ஒரு கூடு தீர்ந்தால் நூலின் கனம் குறையும். அக்கணமே புதுக் கூடொன்றின் இழையை அதில் ஒட்ட வேண்டும். நாள் முழுதும் வெந்நீரில் தோய்ந்த விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி வெடிக்கும். வெந்த புழுவின் நாற்றம் வீடு திரும்பிய பிறகும் உடுப்பை விட்டு அகலாது. சக்கரம் சுற்றுவதற்குத் திறமை வேண்டாம், பலமும் அதிகம் வேண்டாம், ஓயாமல் நிற்பது ஒன்றே போதும் என்ற நியாயத்தால், அந்த இடத்தில் பெண்களும் பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

பிள்ளை அங்கே வந்து நின்ற வழி பெரும்பாலும் முன்பணம். 1929-இல் நியமனமாகி 1931-இல் அறிக்கை தந்த, தொழிலாளர் நிலையை விசாரித்த விட்லி கமிஷன், சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிய பட்டறைகளுக்குள் நுழைந்து பார்த்தது. சென்னை நகரத்துப் பீடிக் கொட்டடிகளில் ஐந்து வயதுக் குழந்தைகளைக் கண்டதாகவும் எழுதியது. தகப்பன் கடன் வாங்குவான். குழந்தையின் உழைப்பு ஈடாகும். இதைத் தடுப்பதற்கென்றே 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அதற்குச் சரியாக எழுபது வருஷம் கழித்து, 2003-இல் சர்வதேச மனித உரிமை ஸ்தாபனமொன்று வெளியிட்ட அறிக்கை, கர்நாடகத்தில் ராமநகரம், மாகடி முதலிய பட்டு ஊர்களிலும் தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்திலும் பெற்றோர் பெற்ற முன்பணத்துக்காக வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது. கன்னட நாட்டில் இந்தக் கட்டுக்கு ஜீதம் என்று பெயர். எழுபது வருஷத்தில் சட்டப் புத்தகம் பருத்தது. சக்கரத்தருகே நின்ற பிள்ளை வீட்டின் பொருளாதாரம் அவ்வளவாக மாறவில்லை.

சர்க்காவுக்கு அடுத்தபடியாகப் பில்ச்சர் என்னும் பட்டு நூற்பாலை வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பாரசூட்டுக்குப் பட்டு வேண்டும் என்ற அவசியம் நேர்ந்தபோது மைசூர்ப் பக்கத்திலும் கொள்ளேகாலிலும் இவை பெருகின. இங்கே சக்கரத்தை இயந்திரம் சுற்றியதால் சக்கரக்காரப் பிள்ளைக்கு இடமில்லை. ஆனால் வெந்நீர்த் தொட்டிகளுக்கு எதிரே வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். பெண்களின் விரல் மெல்லியது, நுட்பமான வேலைக்கு ஏற்றது என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வது வழக்கம். இந்தச் சமாதானத்துக்கு உலகெங்கும் ஒரே குரல். ஜப்பான் அரசாங்கம் 1872-இல் டொமியோகா என்னுமிடத்தில் பிரெஞ்சுக்காரர் மேற்பார்வையில் மாதிரி நூற்பாலையைத் திறந்து, நல்ல குடும்பத்துப் பெண்கள் வேண்டுமென்று கேட்டபோது, பிரெஞ்சுக்காரர் குடிக்கும் சிவப்பு மது மனித ரத்தம் என்று புரளி கிளம்பி, பெண்ணை அனுப்ப ஒருவரும் முன்வரவில்லை. சாமுராய் குடும்பத்து உத்தியோகஸ்தர்கள் தங்கள் புத்திரிகளை அனுப்பிக் காட்டியபிறகே ஆள் சேர்ந்தது. அமெரிக்காவில் லோவெல் நகரத்து நெசவாலைகள் 1820-களில் குடியானவர் பெண்களைக் கொண்டுவந்து, விடுதியில் வைத்து, கண்காணிக்க மேட்ரனையும் அமர்த்தின; அந்தப் பெண்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யக் கற்றுக்கொண்டதும், பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் ஜனங்கள் அவர்கள் இடத்தில் வந்து சேர்ந்தார்கள். ஐரிஷ்காரர் விரல் மட்டும் திடீரென்று மெலிந்துவிடவில்லை என்பது வெளிப்படை. ஆலை ஆளைத் தேர்ந்தெடுத்தது கைத்திறனைப் பார்த்து அன்று. யார் குறைந்த கூலிக்கு இசைவார், யார் எதிர்த்துப் பேச மாட்டார், யாரை வேண்டாதபோது ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்பதைப் பார்த்துத்தான் என்பதே இத்தொடர் முழுவதிலும் நமக்குப் புலப்படும் அபிப்பிராயம்.

கொள்ளேகாலை அடுத்துள்ள சிவசமுத்திரத்தையும் இங்கே குறிப்பிடாமல் தாண்ட முடியாது. காவிரி இரண்டு அருவிகளாக விழும் அவ்விடத்தில் ஒரு பக்கம் சென்னை ராஜதானி, மற்றொரு பக்கம் மைசூர் சமஸ்தானம். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டத்தின்படி 1902 ஜூன் 30-ஆம் தேதி அங்கே உற்பத்தியான மின்சாரம் 92 மைல் தூரம் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அருவியின் அக்கம்பக்கத்துக் கிராமங்கள் விளக்கில்லாமல் இருக்க, அதன் சக்தி தொலைவிலுள்ள சுரங்கத்தின் பாரந்தூக்கிகளை இயக்கிற்று. அச்சுரங்கத்தில் இறங்கியவர்களோ பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற ஆதிதிராவிடர். மைசூர்ப் பூமியில், மைசூர் அருவியின் சக்தியால், இங்கிலீஷ் கம்பெனிக்காகத் தமிழ்க் கூலியாட்கள் தங்கம் எடுத்தார்கள். சுரங்கத்தைத் தொழிற்சாலையோடு சேர்த்துப் பேசுவது சட்டப்படி பிசகு. ஆனால் கன்னட நாட்டுக்குத் தமிழ் உழைப்பாளர் திரள் திரளாக வந்த முதற் பெருவழி அதுவாகையால் ஒதுக்கவும் இயலாது.

அந்த ஆதிதிராவிடர் ஏன் போனார்கள் என்று கேட்பதைவிட, மற்றவர் ஏன் போகவில்லை என்று கேட்பது பயனுள்ளது. கையில் சிறிதளவு நிலமோ ஊரில் ஓரளவு மரியாதையோ உடையவன் பல்லாயிரம் அடி ஆழத்தில் பாறை வெடிக்கும் குழிக்குள் இறங்க இசையான். ஊரில் பண்ணையாளாகப் பிறந்தவனுக்கு அந்தக் குழியிலும் ஒரு விடுதலை இருந்தது: ரொக்கக் கூலி, மிராசுதார் கண்ணில் படாத வாழ்க்கை, லைன் வீடுகளுக்கு நடுவே பள்ளிக்கூடம், சபை, சங்கம். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை வளர்ந்ததும், பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' பத்திரிகை 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்ததும் தற்செயலன்று. ஒரே ஜாதியார் ஒரே தொழிலில் பல்லாயிரவராகச் சேர்ந்த இடத்தில் அவர்களுடைய சிந்தனையும் அச்சேறிற்று.

பெரம்பூரில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளில் ஜாதி இந்துக்களும் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பக்கம் பக்கமாக வேலை செய்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று கண்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் எல்லாரும் சேர்ந்தார்கள். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடரில் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. அந்த வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் விரிவாகச் சொன்னோம். தறிகளை அருகருகே நிறுத்திய ஆலை, ஆட்களின் சேரிகளைத் தனித்தனியாகவே விட்டுவைத்தது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இனிக் கோயமுத்தூர். கொள்ளேகால் அன்று அதே ஜில்லாவாதலால் தலைநகரத்தில் நடந்ததற்கு மலைப்புறத்திலும் எதிரொலி உண்டு. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியபின் நெடுநாள் மெதுவாக வளர்ந்த பஞ்சாலைத் தொழில், 1930-களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்ததும் காட்டுத்தீயாகப் பரவிற்று. மில்லில் பெண்களுக்கு ரீலிங் பகுதி என்று ஓர் இடம் இருந்தது; நூலைச் சிட்டமாகச் சுற்றும் அவ்வேலையில் அவர்களே நிறைந்திருந்தார்கள். ஆனால் மின்சாரம் வந்ததும் இயந்திரத்தை இரவில் நிறுத்துவது நஷ்டமாயிற்று. பெண்களை இரவில் வேலை வாங்கலாகாது என்று 1922-ஆம் வருஷத்துச் சட்டம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. சென்னை மாகாணம் 1934-இல் பிரசவ சகாயச் சட்டத்தையும் இயற்றியது. மைசூர் சமஸ்தானம் 1937-இல் அதே மாதிரிச் சட்டம் செய்தது. இரண்டும் நல்ல நோக்கமுடையவை. இரண்டும் பெண்ணை வேலைக்கு வைப்பதை முதலாளி கணக்கில் செலவாக்கின. 1944-இல் நியமிக்கப்பட்ட ரேகே விசாரணைக் குழு நாட்டின் பல தொழில்களில் பெண்களின் தொகை குறைந்து வருவதைக் கண்டு, இரவு வேலைத் தடை, பிரசவச் செலவு என்ற இரு காரணங்களையும் எடுத்துக்காட்டிற்று. சட்டம் இருந்ததனால் பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று சொல்லிச் சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பிரசவத்தின் செலவைத் தனித்தனி முதலாளியின் தலையில் வைத்தால், அவன் தலையைச் சாய்த்துக் கொள்வான் என்பதை முன்கூட்டி யோசியாததே குறை. அந்தச் செலவைப் பொது நிதியில் ஏற்றும் இன்ஷூரன்ஸ் முறை 1948-இல்தான் சட்டமாயிற்று.

அதே 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு தொழிலாளியின் தேகத்தைச் சட்டம் எப்படிப் பாகம் பாகமாகப் பார்த்தது என்பது விளங்கும். பதினான்கு நிரம்பாத குழந்தைக்கு உள்ளே இடமில்லை. பஞ்சு திறக்கும் இயந்திரம் ஓடும் இடத்தில் பெண்ணும் குழந்தையும் நிற்கலாகாது. ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்குத் தொட்டில் அறை வேண்டும். 1976-இல் இது முப்பதாகத் திருத்தப்பட்டது. முப்பது பெண்களோடு நிறுத்திக்கொள்ளும் வித்தையைச் சில முதலாளிகள் கற்றுக்கொண்டதற்கு யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை.

1956-இல் ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது கொள்ளேகாலோடு சென்னை ராஜ்யத்தின் முசுக்கட்டைத் தோட்டம் முழுவதும் மைசூருக்குப் போயிற்று. காஞ்சிபுரத்து நெசவாளனுக்கு அன்று முதல் நூல் அயல் ராஜ்யத்துச் சரக்கு. மார்டள்ளி முதலிய ஊர்களுக்கோ ஜில்லாத் தலைநகரம் கோயமுத்தூரிலிருந்து மைசூருக்கு மாறிற்று. மைசூரில் அப்போது கைத்தொழில் ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. ஸ்விட்சர்லாந்திலிருந்து தறி தருவித்து 1912-இல் மகாராஜா தொடங்கிய பட்டு நெசவாலை, காட்டின் சந்தனக் கட்டையை நம்பி 1917-இல் எழுந்த சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை, 1927-இல் நிறுவப்பட்ட கிருஷ்ணராஜேந்திர ஆலை, பிற்பாடு 1960-இல் யாதவகிரியில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ஐடியல் ஜாவா என்று ஒரு வரிசை உண்டு. இவற்றில் நிரந்தர வேலை என்பது ஒரு சிறு சொத்து. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்குச் சிபாரிசின் மூலம் இறங்குவது. மலையடிவாரத்துத் தமிழ்க் குடியானவனுக்கு அந்த வரிசையில் சிபாரிசு சொல்ல ஆள் ஏது? அவன் முகம் பழைய வழக்கப்படி பாலாற்றின் அக்கரையையே நோக்கிற்று. அங்கே 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் காலடியில் 1936-இல் ரசாயனத் தொழிற்சாலை வந்திருந்தது. 1965-இல் அலுமினியத் தொழிற்சாலையும் சேர்ந்தது. மொழி தன் மொழி, தூரமும் குறைவு.

தொழிலாளி எந்த மொழிக்காரன் என்ற கேள்வி கர்நாடகத்தில் சட்டமன்றம் வரையில் போயிருக்கிறது. 1983-இல் நியமிக்கப்பட்ட சரோஜினி மகிஷி குழு 1986-இல் தந்த அறிக்கையில், தொழிற்சாலை வேலைகளில் கன்னடிகருக்கு முதலிடம் வேண்டுமென்று சிபாரிசு செய்து, பதினைந்து வருஷம் வசித்துக் கன்னடம் எழுதப் படிக்கப் பேசத் தெரிந்தவரே கன்னடிகர் என்று வரையறுத்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் தனியார் தொழிலிலும் நிர்வாகமல்லாத வேலைகளில் நூற்றுக்கு எழுபது இடம் உள்ளூராருக்கு என்று மசோதா கொண்டுவர முனைந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தது. வரையறையை ஊன்றிப் படித்தால், வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசி வளர்ந்த மார்டள்ளிப் பையன் ஐயத்துக்கிடமில்லாத உள்ளூரான். மசோதாவை ஆதரித்து முழங்கியவர்களிலும் எதிர்த்து முழங்கியவர்களிலும் இதைக் கருதியவர் எத்தனை பேர் என்பது தெரியாது.

1990-கள் இந்த மலைப்புறத்துக்குப் பொல்லாத காலம். கோபிநத்தத்து வீரப்பனைத் தேடி இரு மாநில அதிரடிப்படைகளும் காட்டை அரித்தன. காட்டுக்குள் போவதே குற்றமாயிற்று. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் காடு பழைய காடாகக் குடிகளுக்குத் திரும்பவில்லை. 1987-இல் காவிரி சரணாலயமும் 2013-இல் மாதேசுவர மலைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டு, மேய்ச்சலும் விறகும் கல்லுடைப்பும் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மானாவாரி பூமியில் மழை பொய்த்தால் மிஞ்சுவது பஸ் நிறுத்தம் ஒன்றே. திருப்பூர், கோயமுத்தூர், பெங்களூர் என்று மூன்று திசையிலும் ஆயத்த ஆடையும் நூற்பும் பெருகிய காலமும் அதுவேயாகையால், காட்டிலிருந்து தள்ளியதும் ஆலை இழுத்ததும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன.

இழுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு நூற்பாலைகள், முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் வெளியேற்றிய பெண்களை மறுபடியும் அழைத்தன. ஆனால் மணமாகாத பெண்களாகப் பார்த்து அழைத்தன. வறண்ட பிரதேசங்களின் கிராமங்களுக்குத் தரகர் வருவார். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார். இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான நாமகரணமும், பேச்சு வழக்கில் கேம்ப் கூலி என்ற பெயரும் உண்டு. பெண் அப்ரண்டிஸ் என்று பதிவாவாள்; அதனால் சட்டப்படியான கூலி கேட்க வகையில்லை. இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகை கேள்விக்குரியதாகும். லோவெல் விடுதி மேட்ரன் நூற்றெழுபது வருஷம் கழித்துக் கொங்கு நாட்டில் வார்டனாக அவதரித்தாள் என்றே சொல்லலாம். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது மட்டும் புதிது.

பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்களிலும் பெரும்பகுதி பெண்களே. அங்கே மணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள் அதிகம். தலைமையோ சங்கமோ இல்லாமல் 2016 ஏப்ரலில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து, வருங்கால வைப்பு நிதியை ஐம்பத்தெட்டு வயது வரையில் முழுவதும் எடுக்கலாகாது என்ற புது விதியை இரண்டு நாளில் மத்திய அரசு வாபஸ் வாங்கச் செய்தார்கள். ஐம்பத்தெட்டு வயது வரையில் யார் இந்த மிஷினில் உட்காருகிறார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. முப்பத்தைந்து நாற்பது வயதில் கண்ணும் முதுகும் தேய்ந்து வெளியேறுகிற தொழிலில், அந்த நிதிதான் பிள்ளையின் படிப்பும் ஊரில் போடும் கூரையும்.

வருஷாந்திரக் கைத்தொழில் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கேரளத்தையும் கூட்டினால் பெரும்பகுதி இந்த நான்கு மாநிலங்களில் அடங்கிவிடும். அதே கணக்கெடுப்பு மற்றொன்றையும் காட்டுகிறது: இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் 2022-23-இல் நூற்றுக்கு 40.7 ஆகிவிட்டார்கள். ஆலையின் மஸ்டர் ரோலில் பெயர் இல்லாமல் ஆலைக்குள் நிற்பவன் என்ற ஒரு ஜாதியை நம் காலம் சிருஷ்டித்திருக்கிறது. பழைய மேஸ்திரியும் கங்காணியும் இன்று கான்டிராக்டர் என்ற பெயரில் பி.எப். எண்ணோடு உலவுகிறார்கள்; அவர்கள் கொண்டுவரும் ஆள் முன்போல ஆர்க்காட்டிலிருந்து வருவதில்லை, ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலில் வருகிறான்.

பாலாற்றுக்குத் திரும்புவோம். பெண்களைக் காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் வேலை வாங்கலாகாது என்ற 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 66-ஆம் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில், ஆண் பெண் சமத்துவத்துக்கு முரணானதென்று தள்ளி, பாதுகாப்பும் வாகன வசதியும் வேண்டுமென்ற நிபந்தனைகளோடு இரவு வேலையை அனுமதித்தது. கர்நாடக அரசாங்கம் எல்லாத் தொழிற்சாலைகளிலும் பெண்களின் இரவு வேலைக்கு அனுமதி தந்தது 2019 நவம்பரில். இடைப்பட்ட பத்தொன்பது வருஷம், மார்டள்ளியில் பிறந்த ஒரு பெண் மைசூரில் வேலைக்குச் சேர்ந்தால் மாலையில் வீடு திரும்புவாள். அவள் தங்கை ஆற்றைத் தாண்டிக் கோயமுத்தூர்ப் பக்கம் போனால் நடுராத்திரி ஷிப்டில் நூல் அறுந்த கதிர்களுக்கிடையே நடந்துகொண்டிருப்பாள். இவர்களில் யாருக்குச் சுதந்திரம் அதிகம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை. இரவு ஷிப்டு கிடைத்ததால் வேலை கிடைத்தவளும் உண்டு, வேலை போய்விடுமென்று இரவு ஷிப்டுக்கு இசைந்தவளும் உண்டு.

2023-இல் ஆறு மறுபடியும் இரண்டு பதில் சொல்லிற்று. பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற வரம்பை வைத்துக்கொண்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரையில் வேலை வாங்க இடங்கொடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் பன்னிரண்டு மணிக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்து எழவே, மே தினத்தன்று முதலமைச்சர் அது திரும்பப் பெறப்பட்டதென்று அறிவித்தார். 1911-இல் டாக்டர் நாயர் போராடிப் பெற்றது பன்னிரண்டு மணி என்ற மேல்வரம்பு. நூற்றுப்பன்னிரண்டு வருஷம் கழித்து இரு சட்டமன்றங்களும் விவாதித்ததும் அதே பன்னிரண்டுதான்.

மேட்டூரின் ரசாயனத் தொழிற்சாலையிலும் பஞ்சாலையிலும் முதல் தலைமுறையாகச் சேர்ந்தவர்கள் எந்தெந்த ஊராரென்பதையும், அணை கட்ட வந்த கூலியாட்களில் யார் தங்கினார், யார் போனார் என்பதையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.